மரப்பெட்டி டிவியில் வைதேகி

வைதேகிக்கு ஐம்பத்திரண்டு வயது. தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களின் படப்பிடிப்புக்குப் பொருள் தேடிக் கொடுப்பது அவள் வேலை. 1986இல் நடக்கும் கதை என்றால் அந்த வருஷத்துக் காலண்டர், கோப்பை, மின்விசிறி எல்லாம் அவள்தான் கொண்டுவர வேண்டும். குவீன்ஸ்டவுன் வீட்டில் ஓர் அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். கணவர் நடேசன் அந்தப் பக்கமே போவதில்லை.

சென்ற மார்ச்சில் இயக்குநர் அசோக் பழைய டிவி ஒன்று கேட்டார். குடும்பமே உட்கார்ந்து செய்தி பார்க்கும் காட்சி. உட்லண்ட்ஸில் வேலாயுதம் என்பவர் வீட்டில் மரப்பெட்டி டிவி கிடைத்தது.

“ஓடணும்னு இல்லக்கா. படத்தை அப்புறம் எடிட்டிங்ல ஒட்டிக்கலாம் லா,” என்றார் அசோக்.

“ஒட்டினா நடிக்கிறவங்க முகத்துல வெளிச்சம் விழாது. ரெண்டு நாள் குடுங்க, லேப்டாப்ல இருந்து படம் வர வைக்கிறேன்.”

டிவியின் முதுகில் ஏரியல் ஓட்டை ஒன்றுதான் இருந்தது. இணையத்தில் வாங்கிய சின்ன வெள்ளைப் பெட்டி லேப்டாப்பின் படத்தை மஞ்சள் ஒயருக்கு மாற்றிக் கொடுத்தது. அந்த மஞ்சள் ஒயருக்கும் டிவியில் இடமில்லை. அட்டைப்பெட்டிகளைக் கிளறி ஒரு பழைய வீடியோ கேசட் பிளேயரை எடுத்து நடுவில் வைத்தாள். மஞ்சள் ஒயர் அதற்குள் போனது; அதிலிருந்து ஏரியல் ஒயர் டிவிக்குப் போனது. டிவியின் குமிழைத் திருகத் திருக, இரைச்சலுக்குள்ளிருந்து படம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளையில், நிற்காமல் மேலே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மாலை முழுக்க ஒயர்களை மாற்றி மாற்றிச் சொருகினாள். மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வெள்ளைப் பெட்டியைத் திருப்பியபோதுதான் பக்கவாட்டில் நகம் அளவு ஒரு பொத்தான் தெரிந்தது. ஒரு பக்கம் தள்ளினால் அமெரிக்க டிவிக்கான சிக்னல், மறுபக்கம் நம்மூர் டிவிக்கானது. தள்ளினாள். படம் நின்றது. நிறமும் வந்தது.

இனி அதில் என்ன ஓடுவது? பழைய செய்திப் பதிவுக்கு அனுமதி வாங்க நேரமில்லை.

“நீங்களே வாசிங்கக்கா. பத்து செகண்ட்தான்,” என்றார் அசோக்.

இருபத்து மூன்று வயதில் செய்தி வாசிப்பாளர் தேர்வுக்குப் போய், இரண்டாவது வரியிலேயே குரல் நடுங்கி, மன்னிப்புக் கேட்டு எழுந்து வந்தவள் வைதேகி. ஆனாலும், “சரி, பாக்கிறேன்,” என்றாள்.

தேக்கா கடைத்தெருவில், அந்தக் காலத்துச் செய்தி வாசிப்பாளர்கள் கட்டியதைப் போல அகலக் கரைச் சேலை ஒன்று வாங்கினாள். வீட்டில் வெற்றுச் சுவர் முன்னால் உட்கார்ந்து, கைபேசியில் பதிவு செய்தாள். மூன்று தடவை குரல் தடுமாறியது. நான்காவது தடவை முழுசாக வாசித்துவிட்டாள்.

படப்பிடிப்பன்று நீல வெளிச்சம் நடிகர்களின் முகத்தில் அசைந்ததைப் பார்த்து அசோக் கேமராவை டிவிக்குப் பின்னால் கொண்டுபோனார்.

“சாரிக்கா. உங்க முகம் வராது, குரல் மட்டும்தான்.”

“பரவால்ல,” என்றாள். சேலை வாங்கியதை நினைத்துக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

ஆகஸ்டில் நாடகம் ஒளிபரப்பானது. சாப்பிட்டுக்கொண்டிருந்த நடேசன் தலையை நிமிர்த்தினார்.

“செய்தி வாசிக்கிறது நீயா?”

“ம்.”

“நீ வாசிச்சது முழுசா இருக்கா? போட்டுக் காட்டு.”

வைதேகி கையைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை எடுத்து வந்தாள்.