முழங்கால் மேல் போட்ட பழி

ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் மனிதர்களை நோகாமல் மேலே ஏற்றிவிடுகிறவர், தன் வீட்டுக்கு மட்டும் நான்கு மாடி நடந்தே ஏறினார். லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்துவைப்பார், வேறென்ன செய்வது?

கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் 'காது'. ஓடுகிற லிஃப்டின் கூண்டு மேல் ஏறி நின்று, சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார். அதற்கும் முன்னால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் நன்றாக ஓடுகிறதா என்று வாட்ச்மேனிடம் கேட்கவே மாட்டார். "முன்னாடி செஞ்சதுல இப்ப எதைச் செய்யறதில்ல?" என்றுதான் கேட்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிற லிஃப்டுக்கு ஆட்கள் பழகிப்போய்விடுவார்கள், நல்லாத்தான் ஓடுது என்று சத்தியம்கூடச் செய்வார்கள் என்பது அவர் கட்சி. தன் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி மனுஷனுக்கு ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

போன வருடம் கூண்டின் மேல் நின்றுகொண்டிருந்தபோதே நெஞ்சு இறுக்கிப் பிடித்தது. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அதை விரித்து, உள்ளே ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிவலையை வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா எதையும் மறைக்கவில்லை.

"நிறைய பேருக்கு இது திறந்தேதான் இருக்கும். சில பேருக்கு வலைக்குள்ளேயே சதை வளர்ந்து மறுபடி சுருங்கும். முதல் வருஷத்துலதான் அந்தப் பயம் அதிகம். உங்களுக்குச் சர்க்கரை வேற இருக்கு. பழைய தொந்தரவு எட்டிப் பாத்தாக்கூட உடனே வந்துடுங்க."

சிகரெட்டைத் தலைமுழுகினார். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. கம்பெனிதான் அவரை மேலே ஏற விடாமல் ஆபீஸில் உட்கார்த்தி வைத்தது. நாள் முழுக்க போனில் வரும் புகார்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அவருக்கு அது ஜெயில். வருடம் முடிந்து டாக்டரம்மா சரி என்று சொன்னால்தான் மறுபடி கூண்டு மேல் ஏறலாம். அந்த ஒரு வார்த்தைக்காகவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி தையற்காரி. முன்னறை ஜன்னலோரம் மிதி மெஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுத்தாள். சாயங்காலம் இருவரும் கடைக்குப் போய்ப் பையோடு திரும்புவார்கள். ஸ்டென்ட் வைத்த புதிதில் அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே நான்கு மாடியையும் ஏறினார். பிறகு ஒருநாள் மூன்றாம் மாடியில், "கொஞ்சம் நில்லுங்க, முழங்கால் வலிக்குது" என்று அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவரும் பெரிய மனது பண்ணி நின்றார். போகப்போக இரண்டாம் மாடியிலும் நிற்க வேண்டி வந்தது. கீழே ஆரம்பித்த கதையை வீட்டுக்குள் போய் உட்கார்ந்துதான் முடித்தார். "உனக்கு வயசாயிடுச்சுடி" என்று கேலி வேறு.

நின்றபோதெல்லாம் தன் நெஞ்சில் இருந்த இறுக்கம் விட்டுப்போனது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதைப் பற்றி யோசிக்கக் கூடாது என்பதும் தெரியும்.

பரிசோதனை நாள் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு போனார்.

"படி ஏறினா நெஞ்சுல ஏதாவது செய்யுதா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. தினம் நாலு மாடி ஏறுறேன்."

"நடுவுல நிக்காமயா?"

"இவளுக்கு முழங்கால் வலி. இவளுக்காக நிப்பேன், அவ்வளவுதான்."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எனக்கு முழங்கால்ல ஒண்ணும் இல்லம்மா. இவரை நிக்க வைக்கத்தான் அப்படிச் சொன்னேன். வாய் ஓயாத மனுஷன், ரெண்டாவது மாடி வந்தா பேச்சே நின்னுபோகுது. கேட்டா ரோஷம் பொத்துக்கிட்டு வரும்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. காலை வாரிவிட்டாளே என்று ஆத்திரம். சண்டை போட வாயைத் திறந்தவர், எத்தனையோ வாட்ச்மேன்களிடம் கேட்ட கேள்வி தன்னைப் பார்த்தே திரும்பியதும் வாயை மூடிக்கொண்டார்.

"வலி இல்லம்மா. இறுக்கம். நின்னா போயிடும்" என்றார், தரையைப் பார்த்து.

ரத்தக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். கம்பிவலைக்குள் வழி ஒரு நூலாகச் சுருங்கியிருந்தது.

"ஒரு மாத்திரை விடலையே, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. மாத்திரை ரத்தம் உறையாம பாத்துக்கிச்சு. இது புண் ஆறுற மாதிரி உடம்பே வளர்த்த சதை. யாருக்கு வளரும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது."

மருந்து தடவிய பலூனை உள்ளே விட்டு மறுபடி விரித்தார்கள். இனிமேல் சுருங்காது என்று சத்தியம் செய்யச் சொல்லி அவர் குழந்தை மாதிரி கேட்டார். டாக்டரம்மா செய்யவில்லை. "வாய்ப்பு குறைவுன்னுதான் சொல்வேன். பேச்சு நின்னா வந்துடுங்க" என்றார்.

கொஞ்ச நாள் ஓய்வுக்குப் பிறகு இருவரும் கடைக்குப் போய்த் திரும்பினார்கள். ஏதோ ஒரு பழைய லிஃப்ட் கதையை அளந்துகொண்டே ஏறினார். இரண்டாம் மாடி போனதே தெரியவில்லை. மூன்றாம் மாடியில் திரும்பிப் பார்த்தால் கேட்க ஆளைக் காணோம். அவள் கீழே படியில் உட்கார்ந்து, முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்னடி நடிப்பு? நான்தான் நல்லா ஏறுறேனே."

"நெஜமாவே வலிக்குதுங்க."

"டாக்டரம்மாகிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்ன?"

"வலிக்குதுன்னு சொல்லியிருந்தா, அவங்க என் காலைப் பாத்துட்டு உங்களைச் சரின்னு அனுப்பியிருப்பாங்க."

அவர் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண் கலங்கியதை மறைக்கவில்லை. "முன்னாடி செஞ்சதுல இப்ப எதைச் செய்யறதில்ல நீ?" என்று கேட்டார்.

"மெஷின் மிதிக்கறதில்ல."

எத்தனை நாளாக என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. முன்னறையில் அந்தச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.