மலையில் நான் அழித்த கோடு

மழை என்றாலே எனக்குப் பயம். தலவாக்கலையில் ஒரு ஸ்டூடியோவில் படம் திருத்தும் வேலை பார்க்கிறேன். நனைய வழியே இல்லாத கொங்கிரீட் கட்டடம். ஆனாலும் சத்தமாகப் பெய்ய ஆரம்பித்தால் கை வேலையில் நிற்காது. முதலாளி என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவருடைய அண்ணனா மலைக்குக் கீழே படுத்துத் தூங்குகிறார்? என் அண்ணன்தான், அண்ணியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் இருக்கிறார். நான் பிறந்ததும் அதே ஒற்றை அறைக் காம்பராவில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மழை கொஞ்சம் விட்டிருந்தது. பனிமூட்டம் விலகி, எதிர் மலையிலிருந்து பார்க்க லயமும் அதற்கு மேல் ஏறும் தேயிலையும் துடைத்து வைத்ததுபோல் தெரிந்தன. ஸ்டூடியோ கமெரா தோளில் இருந்தது. எடுத்தேன்.

கடைக் கண்ணாடிக்குள் வைக்க முதலாளி மாதிரிக்கு ஒரு படம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரே காட்சியை ஐந்து துண்டாக்கி, இடைவெளி விட்டுச் சுவரில் வரிசையாக மாட்டுவார்களே, அது. "கண்டியில எந்தக் கடைக்குப் போனாலும் இதுதான் தொங்குது. நம்ம கடையில மட்டும் இன்னும் மாப்பிள்ளையும் பொண்ணும் இளிச்சிக்கிட்டு நிக்கிறாங்க" என்பது அவர் குறை.

வியாழக்கிழமை பகல் அந்த வேலையில் உட்கார்ந்தேன். ஞாயிறு இரவு தொடங்கிய மழை விடவேயில்லை. திரையில் நான்கு கோடுகள் இழுத்து, படத்தை ஐந்தாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனி லேயரில் வைத்தேன். நடுத்துண்டு உயரம், இருபுறமும் படிப்படியாகக் குட்டை, ஓரங்களில் மெல்லிய நிழல். பார்க்க நன்றாகத்தான் வந்தது. பிறகு ஒவ்வொரு துண்டாகப் பெரிதாக்கிச் சுத்தம் செய்தேன். எங்கள் தொழிலில் இது கைப்பழக்கம். முகப்பரு, தழும்பு, மின்கம்பி, எது கண்ணை உறுத்தினாலும் பக்கத்தில் நல்ல இடமாகப் பார்த்துப் பிரதியெடுத்து அதன் மேல் அப்பிவிடுவோம். யோசிப்பதே கிடையாது. இரண்டாம் துண்டில், லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. பக்கத்துச் செடிகளை எடுத்து அப்பினேன். போயிற்று. சேமித்தேன்.

மூன்றாம் துண்டைப் பெரிதாக்கினேன். அதன் இடது ஓரத்திலேயே அதே கோடு தொடங்கி, வளைந்து, பாதித் துண்டுவரை போயிருந்தது. மின்கம்பி என்றால் தூண் இருக்க வேண்டும். நடைபாதை என்றால் கீழே இறங்க வேண்டும். இது மலைக்குக் குறுக்கே ஓடியது. கோட்டுக்குக் கீழிருந்த செடிகள் மட்டும் சற்றே இறங்கி நின்றன.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். அது வெடிப்பு. கொஞ்சம் முன்பு நான் அழகாக மூடிவைத்ததும் வெடிப்பைத்தான். அதற்கு நேர் கீழே அண்ணனின் காம்பரா.

போனை எடுத்தேன். "அண்ணே, லயத்துக்கு மேல மலை வெடிச்சிருக்கு. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு வெளிய போயிடுங்க."

"அந்த மலையில கொழுந்து எடுக்கிறத நிப்பாட்டி மாசக் கணக்காச்சே. யாரு ஏறிப் பாத்தா?"

"நான் எடுத்த படத்துல தெரியுதுண்ணே."

"படத்துலயா?" சிரித்தார். "சரி, அனுப்பு பாப்போம்."

லயத்துக்கு மேலிருக்கும் துண்டை அனுப்பினேன். உடனே அவரே அழைத்தார். "என்னா புள்ள, பச்சப்பசேல்னு அழகா இருக்கு. வெடிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன தடவையும் இப்பிடித்தான் பயங்காட்டி பத்து நாள் ஸ்கூல்ல படுக்க வச்சாங்க. போய் வேலையப் பாரு." வைத்துவிட்டார்.

பதற்றத்தில் நான் சுத்தம் செய்த துண்டை அனுப்பியிருந்தேன். என் கையாலேயே செடி நட்டு, அண்ணனை நம்ப வைத்துவிட்டேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததேயில்லை. கமெராவிலிருந்து கார்டைப் பிடுங்கி, திருத்தாத படத்தைத் தேடி, வெடிப்பைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுந்தது, படம் போய்ச் சேரவில்லை. அழைத்தால் தொடர்பு இல்லை. அங்கே கரண்ட் போயிருக்க வேண்டும், டவரும் போயிருக்க வேண்டும். முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். "பதறாத புள்ள, திரும்ப கோல் எடு, திரும்ப எடு" என்று அவரும் பதறினார். பயந்தாங்கொள்ளி என்று அன்று சொல்லவில்லை.

அரை மணி நேரம் கழித்து அண்ணனே அழைத்தார். மூச்சு வாங்கியது.

"ரெண்டாவது படம் வந்திச்சி. மேல ஏறி நிக்கிறேன். படத்துல கோடு மாதிரிதான இருந்திச்சி? இப்ப எங் காலு முழங்கால் வரைக்கும் உள்ள போவுது."

"பேசாம கீழ எறங்குங்கண்ணே!" அழுதுகொண்டே கத்தினேன்.

அன்று மாலைக்குள் லயத்தில் இருந்த எல்லோரும் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலை சரியவில்லை. மழை விட்டது. அதிகாரிகள் வந்து வெடிப்பை அளந்தார்கள், படம் பிடித்தார்கள், இங்கே வசிப்பது ஆபத்து என்று பலகை நட்டார்கள். எங்கே வசிப்பது என்று பலகையில் இல்லை. மூன்று வாரத்தில் பாடசாலை திறக்க வேண்டியிருந்தது. எல்லோரும் பாய், சட்டியைத் தூக்கிக்கொண்டு அதே லயத்துக்குத் திரும்பினார்கள்.

என்னோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "உன் ஒத்த ரூம்ல நாங்க நாலு பேரா? அங்கயிருந்து காலையில யாரு பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் குடுக்க வர்றது?" என்றார் அண்ணன். கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

இன்று பின்னேரம் அண்ணியிடம் பேசினேன். மழை பிடித்தால் பிள்ளைகளுக்குக் காலில் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் போட்டுத்தான் படுக்க வைக்கிறாராம்.