அடைக்கலமேரியின் கல்யாண விளக்குகள்

அந்த வீடியோவை இலக்கியா மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டபோது, அடைக்கலமேரி மேஜைக்குக் கீழே தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீடியோவில் ஒரு மண்டபம் இருட்டாகிறது. தரையிலிருந்து வெள்ளைப் புகை கிளம்புகிறது. விளக்குகள் படபடவென்று விட்டுவிட்டு வெட்டுகின்றன. அந்த வெளிச்சத்தில் ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் துண்டு துண்டாக நடந்து வருகிறார்கள்.

"இதுதான்க்கா இப்ப எல்லாரும் கேக்குறது. கப்பிள் என்ட்ரி," என்றாள் இலக்கியா. "அண்ணனும் இதத்தான் செலக்ட் பண்ணி அனுப்பியிருக்காங்க."

அண்ணன் என்று அவள் சொன்னது பால்ராஜை. மேரிக்கு நிச்சயமான மாப்பிள்ளை. கத்தாரில் ஏ.சி. மெக்கானிக். நிச்சயம் முடிந்த கையோடு விமானம் ஏறிவிட்டான். இனி கல்யாணத்துக்குத்தான் லீவு. மேரிக்கு அப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அம்மாவுக்கு வீட்டையும் கோயிலையும் தவிர எதுவும் தெரியாது. அதனால் தன் கல்யாண வேலையைத் தானே பார்க்கவேண்டிய நிலை மேரிக்கு. விராலிமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடியறையில் இலக்கியாவும் அவள் புருஷன் வசந்தும் நடத்திய ஈவண்ட் ஆபீசைப் பிடித்ததும் அவள்தான். மேரி வேலை பார்த்த கம்பெனி அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். மோட்டார் உதிரிபாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்கிவைக்கிற வேலை. எல்லாப் பெண்களும் மாறி மாறி நைட் ஷிப்ட் பார்த்தார்கள். மேரி மட்டும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்தாள்.

சரியில்லாதது அவள் உடம்புதான். கல்லூரியில் படிக்கும்போது, ஆண்டுவிழாவில் கலர் விளக்குகள் வெட்டிக்கொண்டிருந்த மேடைக்கு முன்னால், கூட்டத்துக்கு நடுவில் அவளுக்கு வலிப்பு வந்தது. கண் விழித்தபோது உதட்டில் ரத்தம், பாவாடை நனைந்திருந்தது, சுற்றிலும் முகங்கள். சில முகங்கள் செல்போனைப் பிடித்திருந்தன. திருச்சி டாக்டர், இது கட்டுக்குள் இருக்கும் நோய்தான் என்றார். மாத்திரை விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, வெட்டி வெட்டி எரியும் விளக்குக்கு முன்னால் நிற்கக்கூடாது. அதற்குப் பிறகு ஒரு முறை வந்ததோடு சரி. பல வருஷமாக வரவில்லை. தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் மட்டும் கை வெடுக்கென்று உதறும். டம்ளர் போய்ச் சுவரில் விழும்.

"யாருகிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா ஒன்ன எவன் கட்டுவான்?" என்று அம்மா அன்றைக்குச் சொன்னதுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் மாத்திரையைப் பார்த்துக் கேட்டால் சத்து மாத்திரை என்பாள். பால்ராஜ் வீட்டாருக்கும் அதுதான் சொல்லப்பட்டது.

"அக்கா, பிடிக்கலையா?" என்றாள் இலக்கியா.

"கொஞ்சம் சிம்பிளா இருந்தாப் போதும். விளக்கு இவ்வளவு வேணாம்."

"அண்ணன்கிட்ட நீங்களே பேசிருங்கக்கா. அவங்க ரொம்ப ஆசையா இருக்காங்க."

மேரி அவனிடம் அதைப் பேசவேயில்லை. என்ன காரணம் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில், மூன்று வாரம் வாசிக்கிற கல்யாண அறிவிப்பில் அவர்களுடைய முதல் ஓலை வாசிக்கப்பட்டது. பூசை முடியும் நேரத்தில் சாமியார் இரண்டு பேர் பெயரையும், பெற்றவர்கள் பெயரையும், அவரவர் கோயில் பங்கையும் வாசித்தார். பிறகு எல்லாக் கல்யாணத்துக்கும் வாசிக்கிற அந்த வரி: இந்தத் திருமணத்துக்கு ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து நூறு தடவை கேட்ட வரி. அன்றைக்கு அது அவள் முதுகைத் தொட்டது. ஆண்டுவிழாவைப் பார்த்த யாராவது இந்த ஊருக்கு மருமகளாக வந்திருந்தால்? பின் வரிசையில் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அழுகிற பிள்ளையை ஒரு தாய் வெளியே தூக்கிக்கொண்டு போனாள். மேரிக்குக் கடைசிப் பாட்டைப் பாட வாய் வரவில்லை.

அடுத்த வாரம் இலுப்பூர்ப் பக்கம் ஒரு மண்டபத்துக்கு இலக்கியா அவளை அழைத்துப்போனாள். அங்கே மறுநாள் வேறொரு கல்யாணம். பூ அலங்காரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் மேரி போனாள். பகல் நேரம், பயம் ஒன்றும் இல்லை என்று நினைத்தாள். மேடையில் சாமந்தியும் வெள்ளை ரோஜாவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நடைபாதையின் நடுவில் நின்று போனில் படம் எடுத்தாள்.

"அக்கா, அப்படியே நில்லுங்க!" என்று மேலே விளக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வசந்த் கத்தினான். கதவுகளைச் சாத்தச் சொன்னான். அவளுக்கு ஒரு சந்தோஷ அதிர்ச்சி கொடுக்க நினைத்தான் பாவம். மண்டபம் இருட்டானது. விளக்குகள் வெட்ட ஆரம்பித்தன.

கண்ணை மூடியும் பயனில்லை. இமைக்குள்ளும் வெளிச்சம் வெட்டியது. வலது கை தானாகத் துள்ளியது. போன் எங்கோ போய் விழுந்தது. தோள் ஒரு தடவை, இன்னொரு தடவை உதறியது. ஒரு கண்ணை மறைத்தாலே வெளிச்சத்தின் தாக்கம் குறையும் என்று டாக்டர் ஒரு காலத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. உள்ளங்கையால் ஒரு கண்ணை அழுத்தி மூடிக்கொண்டு, குனிந்தபடி, நாற்காலிகளை இடித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் தேடினாள். 'மாதாவே, இங்க வேணாம். இங்க வேணாம்.' வேறொன்றும் மனதில் ஓடவில்லை. கதவு திறந்தது. வெளியே பாத்திரம் கழுவும் இடம். அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

பெரிதாக வரவில்லை. உதறல் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. தலையைத் தூக்கியபோது இலக்கியா எதிரில் நின்றாள்.

"என்னக்கா ஆச்சு? மயக்கமா? வசந்த், தண்ணி கொண்டாங்க!"

"அவங்களக் கூப்பிடாத," என்றாள் மேரி. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல்லை அம்மாவுக்கும் டாக்டருக்கும் அப்பால் ஒருத்தியிடம் சொன்னாள். "எனக்கு வலிப்பு இருக்கு."

இலக்கியாவும் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்தாள். "ஏன்க்கா முன்னாடியே சொல்லல? நான் பாட்டுக்கு அன்னைக்கு எல்லார் முன்னாடியும் போட்டு விட்டுருப்பேனே! ஒங்களுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நான் என்ன பண்ணுவேன்?" கோபமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்க. ஒங்க கல்யாண மண்டபத்துல இந்த லைட்டுக்கு அனுமதி இல்லன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுறேன். எல்லாத்தையும் மஞ்ச பல்பா மாத்திடலாம்," என்றாள்.

மேரிக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினாள்.

பால்ராஜ் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள், மேரி சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி வேப்பமரத்தடியில் நின்றபோது வீடியோ காலில் வந்தான்.

"மண்டபத்து மேனேஜருக்கு நானே போன் போட்டேன் மேரி. எல்லா லைட்டும் போட்டுக்கலாம்கிறாரு. அந்தப் பிள்ள ஏன் பொய் சொல்லுது?"

மேரி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள்.

"நீதான் சொல்லச் சொன்னியா?" அவன் முகம் திரைக்கு நெருங்கி வந்தது. "நான் எதக் கேட்டாலும் வேணாம்கிற. விளக்கு வேணாம், டான்ஸ் வேணாம், முதல் நாள் ராத்திரி மருதாணி பங்ஷன் வேணாம். ஒனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கலையா? மனசுல வேற யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிரு. ஓலை வாசிச்ச பெறகு எங்கம்மாவால தலைகுனிய முடியாது."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"அப்ப என்னதான்?"

இன்னொரு பொய் சொல்ல அவளிடம் தெம்பில்லை. சொன்னாள். ஆண்டுவிழாவிலிருந்து இலுப்பூர் மண்டபம் வரை எல்லாவற்றையும், திரையைப் பார்க்காமல், வேப்பமரத்துப் பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். முடித்துவிட்டுத் திரும்பியபோது அவன் வேலைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"சரி. வேலை இருக்கு. வைக்கிறேன்," என்றான்.

அவ்வளவுதான். அன்று கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மேரி அனுப்பிய செய்தியைப் பார்த்ததற்கான அடையாளம் இருந்தது; பதில் இல்லை. விஷயம் தெரிந்ததும் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "பத்திரிகை கொடுத்தாச்சேடி! போற வீடெல்லாம் என்னன்னு சொல்லுவேன்?" மேரிக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை, தூக்கம் வராவிட்டால் வலிப்பு வரும் என்ற பயத்தில் வரவேண்டிய தூக்கமும் போனது. காலையில் கை உதறியது. கம்பெனியில் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கப் பயந்து லீவு சொன்னாள். வாரம் முழுக்க வாசலில் பைக் சத்தம் கேட்டால் போதும், அவன் அம்மா மரிய செல்வி ஆட்களோடு வந்துவிட்டாள், நிச்சயத் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்று எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

இலக்கியாவும் போன் செய்தாள். பூக்காரருக்கு ஆர்டரை உறுதி செய்யவேண்டும். "செய்யட்டுமாக்கா?" என்று கேட்டாள். "தெரியல," என்றாள் மேரி. இலக்கியா, "நான் சொல்லிவைக்கிறேன்க்கா. வேணாம்னா பாத்துக்கலாம்," என்றாள்.

மூன்றாவது ஓலை. அதே நேரத்தில் பால்ராஜின் பங்கிலும் அது வாசிக்கப்படும். அங்கே மரிய செல்வி எழுந்து நிற்பாள் என்று மேரி உறுதியாக நம்பினாள். நிறுத்தினால் இங்கே எப்படித் தெரியும்? சாமியாருக்குப் போன் வருமா? அந்த வரி வாசிக்கப்பட்டபோது பீடத்துப் பக்கம் இருந்த சாமியாரின் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அடிக்கவில்லை.

அடித்தது அவள் போன்தான், அன்று மதியம் வீட்டில். பால்ராஜ்.

"மேரி," என்றான். நல்லா இருக்கியா என்றெல்லாம் கேட்கவில்லை. "தூங்கும்போது வந்தா நான் என்ன செய்யணும்?"

வலிப்பைத்தான் கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். வாயில எதையும் வைக்கக்கூடாது. கையக்காலப் பிடிச்சு அமுக்கக்கூடாது. சீக்கிரமே நின்னுரும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா ஆஸ்பத்திரி."

"நிக்கிற வரைக்கும் பக்கத்துல இருக்கணும்?"

"இருக்கணும்."

"நானும் பயந்துதான் போனேன்," என்றான் அவன். "நாங்க தங்கியிருக்கிற கேம்ப்ல ஒரு கேரளா நர்ஸோட புருஷன் இருக்காரு. அவரு மூலமா அந்த நர்ஸ்கிட்ட கேட்டேன். குழந்தை பத்தியும் கேட்டேன். டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லி மாத்திரைய மாத்திக்கிடணும்னாங்க. எங்கம்மாகிட்டயும் சொல்லிட்டேன். பேச மாட்டேங்குது. மறைச்சுட்டீங்கன்னு கோபம். எனக்கும் அந்தக் கோபம் இருக்கு மேரி. அது போகக் கொஞ்ச நாளாகும்."

"அப்ப கல்யாணம்?"

"டிக்கெட் போட்டாச்சு."

கல்யாணத்தன்று கோயிலில் மரிய செல்வி மருமகள் முகத்தைப் பார்க்கவில்லை. தாலி கட்டி முடித்துக் காலைத் தொட்டபோது தலைக்கு மேலே கையைக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டாள். மாலையில் மண்டபம் முழுக்க மஞ்சள் பல்பு. புகை இல்லை, வெடிப்பொறி இல்லை. மருதாணி பங்ஷனைப் பகலிலேயே வைத்து முடித்திருந்தார்கள். கல்யாண வீடு மாதிரியே இல்லையே என்று பால்ராஜின் சிநேகிதர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். போட்டோக்காரரிடம் பிளாஷ் போடக்கூடாது என்று இலக்கியா ஏற்கெனவே சண்டை போட்டிருந்தாள். சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் வேறு யாரையும் அவள் அண்டவிடவில்லை. மேடையில் நின்ற மேரி ஒவ்வொரு கை குலுக்கலுக்கும் சிரித்தாள். விரல் துள்ளுகிறதா என்பதிலேயே கவனம் இருந்தது. அது துள்ளவில்லை. ஆனால் பயம் கடைசி ஆள் சாப்பிட்டுவிட்டுப் போகும் வரை இறங்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணீர் கொட்டியது. பால்ராஜ் மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கொடுத்தான்.

லீவு முடிந்து அவன் திரும்பிப் போனான். போவதற்கு முன் திருச்சி டாக்டரைப் பார்த்தார்கள். குழந்தைக்காக மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். அந்த மாற்றத்துக்கு நடுவில், ஒரு காலை நேரம், மாமியார் வீட்டு அடுப்படியில், மேரி மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது அது வந்தது.

கண் விழித்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலைக்குக் கீழே மடித்த சேலை. பாவாடை நனைந்திருந்தது, அதன் மேல் ஒரு போர்வை. உள்ளங்கையில் ஏதோ குளிர்ந்து அழுத்தியது. பார்த்தாள்: பீரோ சாவிக்கொத்து. எதிரில் தரையில் மரிய செல்வி உட்கார்ந்திருந்தாள். கை முழுக்க மாவு.

"கையில இரும்பு கிரும்பு எதையும் குடுக்கக்கூடாதுன்னு அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான்," என்றாள். "எனக்குத்தான் மனசு கேக்கல."

மேரி ஏதோ சொல்ல வந்தாள். நாக்கு கடிபட்டிருந்தது.

"பேசாத. படு. அந்தத் திருச்சி டாக்டரு நம்பர் எதுல இருக்கு?" மரிய செல்வி அவள் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத எப்படித் தொறக்குறது?"

மேரி விரலை நீட்டினாள். மாமியார் அந்த விரலைப் பிடித்துப் போனில் வைத்தாள்.