கன்னி ராசிக்குக் கடல் ஆகாது

சோமசேகரத்தாருக்கு மகர ராசி. இதை அவர் சொல்லாமல் விட்ட நாளைத் திருகோணமலைத் துறைமுகத்து உள்கரையில் ஒருவரும் கண்டதில்லை. பெயரைக் கேட்டால் ராசியையும் சேர்த்துத்தான் சொல்லுவார். "நான் மகரம். கடல் மிருகம். கடல் எனக்கு வீட்டு வளவு மாதிரி" என்பார். ஆனால் கிண்ணியாவுக்குப் போகத் துறை கடக்கும் மிதவையில் ஏறினால் போதும், தலைச்சுற்றுக்கு மடியிலிருந்து தேசிக்காயை எடுத்து முகரத் தொடங்கிவிடுவார். அக்கரை சேரும்வரை தேசிக்காய் மூக்கை விட்டு இறங்காது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு வள்ளம் இருந்தது. தகப்பன் விட்டுப்போனது. வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன் சம்பூரில் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட, வள்ளம் பூவரச மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. அந்த வள்ளத்தைத்தான் அவருடைய தம்பி பெண்சாதி பாக்கியரத்தினம் கேட்டாள்.

பாக்கியம் சாம்பல்தீவில் பிறந்தவள். தகப்பனோடு களப்பில் துடுப்புப் போட்டு வளர்ந்தவள். பெரியபிள்ளையான அன்றோடு துடுப்பை வாங்கி வைத்துவிட்டார்கள். பிறகு கலியாணப் பேச்சு வந்தபோது, சாதகத்தைப் பார்த்த மாமியார், "கன்னி ராசியோ? நல்லது. அடக்கமா வீட்டோட இருக்கும்" என்று சொல்லித்தான் சிவகுருநாதனுக்குக் கட்டி வைத்தார். பாக்கியத்துக்கு அந்தச் சொல் அன்றைக்கே பிடிக்கவில்லை. வீட்டோடு இருக்கச் சொன்னால் இருந்துவிட்டுப் போகலாம். அதை வானத்திலிருந்து யாரோ சொல்லியனுப்பியதாகச் சொன்னதுதான் அவளுக்கு எரிச்சல்.

மாமியாரிடம் அதற்கு அத்தாட்சியும் இருந்தது. கடற்கரை அம்மன் கோயில் மண்டபத்தில், மேலே விதானத்தில், பன்னிரண்டு ராசியும் வட்டமாகக் கீறியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓவியர் ஒருவரின் கைவேலை. வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும் சனம் தீபாராதனைக்கு முன் ஒருமுறை அண்ணாந்து தங்கள் தங்கள் ராசியைப் பார்த்துக்கொள்ளும். மகரம் அலைக்கு நடுவே பெரிய உடம்போடு கிடந்தது. கன்னி ஒரு பக்கமாய் ஒதுங்கி, வளைந்த ஏதோ ஒன்றின் மேல் இருந்தாள். அது தாமரை இதழ் என்பது ஊர்த் தீர்ப்பு. ஒரு கையில் விளக்கு, மறு கையில் பூங்கொத்து. "பாத்தியோ, விளக்கேத்திப் பூ வைக்கிற குடும்பப் பெண்" என்று மாமியார் விரல் நீட்டிக் காட்டினார். பாக்கியமும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனான். சிவகுருநாதனுக்கு டொக்யாட்டில் இருந்த வேலையும் அதோடு போனது. சில வருடம் கழித்துத் தேயிலை ஏற்றக் கப்பல்கள் வரத் தொடங்கியதும், பெட்டி ஏற்றும் கூலியாகப் போனான். ஒருநாள் கப்பலுக்கும் சரக்குப் படகுக்கும் இடையில் கால் நசுங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஊன்றுகோலோடு வந்தான். அன்றிலிருந்து அவர்கள் வீட்டுக்குச் சோமசேகரத்தார் வீட்டிலிருந்து மத்தியானச் சோறு வந்தது.

சோற்றைக் குறை சொல்ல ஏலாது. நல்ல சோறு. ஆனால் சோற்றோடு சோமசேகரத்தாரும் வருவார். பிள்ளைகள் மூன்றும் சாப்பிட்டு முடியும்வரை கதிரை போட்டு உட்கார்ந்து பார்ப்பார். பெரியப்பா இருக்கும்போது அந்தப் பிள்ளைகள் இரண்டாம் தரம் சோறு கேட்க மாட்டார்கள். சட்டியில் சோறு மிச்சம் இருக்கும், பிள்ளைகள் சோற்றுக் கோப்பையை விரலால் வழித்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கண்ட ஒரு மத்தியானம்தான் பாக்கியம் முடிவெடுத்தாள். இந்தப் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சோற்றைக் கேட்டு வாங்கித் தின்ன வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்வது.

வழியைக் காட்டியவன் சிவகுருநாதன்தான். கரையிலிருந்து எட்ட நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்களில் வேலை செய்பவர்கள் மத்தியானத்துக்கு நேற்றைய காய்ந்த பாண் ரொட்டியைத்தான் தின்கிறார்கள், கரைக்கு வந்து சாப்பிட்டுப் போக விடமாட்டார்கள் என்று எப்போதோ சொல்லியிருந்தான். சுடுசோறு கொண்டுபோனால்? கொண்டுபோவதற்குள் ஆறிவிடும். வள்ளத்திலேயே சமைத்தால்? தகரத்தில் மண் நிரப்பி அடுப்பு வைத்தால் நெருப்பு பலகையைத் தொடாது. பாக்கியம் எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் போய்க் கேட்டாள்.

சோமசேகரத்தார் முதலில் சிரித்தார். பிறகு அவள் சும்மா கேட்கவில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"கன்னி ராசிக்குக் கடல் ஆகாது, பிள்ளை. பொம்பிளை வள்ளத்தில ஏறுறதே பிழை. அதுக்குள்ள நெருப்பும் மூட்டப் போறியோ? எந்தச் சாத்திரத்தில இருக்கு இது?"

"அத்தான், கடல் ஆரின்ர ராசியையும் கேக்கிறதில்லை. நான் களப்பில வளந்தனான்."

"சாத்திரத்தோட விளையாடாத. வள்ளத்துக்கு ஏதும் நடந்தால்?"

ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்ற சிவகுருநாதன், "பாக்கியம், அண்ணர் சொன்னால் விடன்" என்றான். அவன் பயந்தவன். மனிசியிடம் உள்ளதைவிட அண்ணரிடம் கொஞ்சம் கூடுதலாகப் பயம், அவ்வளவுதான்.

பாக்கியம் விடவில்லை. "சரி அத்தான். தங்கரத்தினம் சாத்திரியாரைக் கேப்பம். கோயிலில, எல்லாருக்கும் முன்னால. அவர் ஏலாதெண்டு சொன்னால் நான் இனி வாய் திறக்க மாட்டன். ஏலுமெண்டால் வள்ளம் எனக்கு."

சோமசேகரத்தாருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சாத்திரியார் சாத்திரத்துக்கு எதிராகச் சொல்லப் போகிறாரா என்ன? வருகிற வெள்ளிக்கிழமை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அடுத்த நாளே பாக்கியம் மூதூர் முஹம்மது தம்பியைத் தேடிப் போனாள். அவர் அந்தக் குடாவில் பாய் விரித்து ஓடுகிற பழைய கை. வள்ளம் கிடைத்தால் சுக்கான் பிடிக்க வருவதாகச் சொல்லியிருந்தவர், பாக்கியம் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிறவர். விசயத்தைக் கேட்டுவிட்டு அவர் தாடியைச் சொறிந்தார்.

"எங்கட வாப்பா வானத்தப் பாத்துக் காத்துக் காலம் சொல்லுவாரு, தங்கச்சி. அவருட கணக்கில அந்த எடத்துக்குப் பேரு சுன்புலா. கதிர் எண்டு அருத்தம். நெல்லுக் கதிர், கோதுமைக் கதிர் எண்டு சொல்லுவமே, அதுதான். அதுல பொம்புளைட கதையே இல்ல."

"அப்ப அவவைக் கன்னி எண்டு சொன்னது ஆர், காக்கா?"

"அத நீங்க உங்கட சாத்திரியார்ட்டக் கேளுங்க."

கேட்கத்தான் வேண்டும் என்று பாக்கியத்துக்குப் பட்டது. புதன்கிழமை முஹம்மது தம்பி மூதூரிலிருந்து வரும்போது ஒரு மூடித் தகரத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். சோமசேகரத்தார் அன்று தேங்காய் விற்க நிலாவெளிப் பக்கம் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை கோயிலில் கால் வைக்க இடமில்லை. தங்கரத்தினம் சாத்திரியார் அன்புவழிபுரத்திலிருந்து வந்திருந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். கேட்டதற்குப் பதில் சொல்லுவார், கேட்காததையும் சேர்த்துச் சொல்லுவார். பூசை முடிந்ததும் சோமசேகரத்தார் முன்னுக்கு வந்து, "கன்னி ராசிப் பொம்பிளை வள்ளத்தில ஏறலாமோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ" என்றார்.

"ஐயா, பலனைப் பிறகு சொல்லுங்கோ" என்று பாக்கியம் குறுக்கே வந்தாள். "இந்தக் கன்னி எண்டது ஆர்? ஆர் அவவைக் கொண்டுபோய் வானத்தில வச்சது? அதை முதல் சொல்லுங்கோ."

சாத்திரியாரின் முகம் மலர்ந்தது. எத்தனையோ பேர் அவரிடம் கலியாணம் எப்போது, வேலை எப்போது என்று கேட்டிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

"சூரியன் வருஷம் முழுக்க நடக்கிற பாதையைப் பன்னிரண்டு துண்டாக்கினவை. ஒவ்வொரு துண்டில நிக்கிற நட்சத்திரங்களுக்கும் ஒவ்வொரு உருவம் குடுத்தவை. நீங்கள் பிறக்கேக்க சந்திரன் எந்தத் துண்டில நிண்டதோ அது உங்கட ராசி. இது எங்கட ஆக்கள் மட்டும் செய்த வேலையில்லை, பிள்ளை. மேற்கால பாபிலோன் எண்டொரு தேசம். அங்க முதல் முதல் இது பொம்பிளையே இல்லை, உழுத சால். பிறகுதான் கையில கதிரோட ஒரு பெண் வந்தவ. அங்கயிருந்து யவனர் எடுத்தவை. யவனரிட்ட இருந்து எங்கட பக்கம் வந்தது. நாங்கள் ஓரை பாக்கிறம் எல்லோ? அந்த ஓரை எண்ட சொல்லே யவனரின்ர சொல்."

"எப்பிடி ஐயா வந்தது?"

"கப்பலிலதான். வேற எப்பிடி?"

"கடல் ஆகாதெண்டால் கன்னி எப்பிடி இஞ்ச வந்து சேந்தவ?"

பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோமசேகரத்தார் தொண்டையைச் செருமினார். "யவனர் கிடக்கட்டும். எங்கட சுலோகம் என்ன சொல்லுது? அதைச் சொல்லுங்கோ."

சாத்திரியார் கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு ராசிக்கும் உருவம் சொல்லும் வடமொழிச் சுலோகத்தை மளமளவென்று ஒப்புவித்தார். பிறகு பொருள் சொல்லத் தொடங்கினார். "கன்னி எண்டவள், ஒரு கையில கதிர் பிடிச்சவள். மறு கையில நெருப்பு ஏந்தினவள். இருக்கிறது..." அதோடு நின்றுவிட்டார். நாக்கில் காலமெல்லாம் ஓடிய சுலோகத்தை அன்றைக்குத்தான் அவரும் காதால் கேட்டார் போலும்.

"எதில ஐயா இருக்கிறது?" என்றாள் பாக்கியம்.

"தோணியில" என்றார் சாத்திரியார். சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

கோயிலே அண்ணாந்து பார்த்தது.

"அது தாமரை!" என்றார் சோமசேகரத்தார்.

"தாமரைக்கு அணியம் எங்கால வந்தது?" என்று பின்னாலிருந்து ஒரு கிழட்டு மீன்காரர் கத்தினார். "முன்னுக்குக் கூராய் ஏறி நிக்குது, பாருங்கோ. வள்ளம்தான் அது!"

வள்ளம்தான். காலையும் மாலையும் வள்ளத்தோடு கிடக்கும் சனம் அது. கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எது யாருடைய வள்ளம் என்று சொல்லும் சனம். தலைக்கு மேலே ஒரு வள்ளம் இத்தனை காலமாய் நிற்க, தாமரை தாமரை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருக்கிறது. ஏன்? உள்ளே ஒரு பெண் இருந்தாள். ஆகவே அது வள்ளமாக இருக்க முடியாது. எனக்குத் தெரிந்து வேறு காரணமில்லை. பூங்கொத்து என்றது கதிர். விளக்கு என்றது நெருப்பு.

பாக்கியத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமியார் விரல் நீட்டிக் காட்டிய நாளிலிருந்து அவள் கும்பிட்டு வந்தது, துடுப்பைப் பறிகொடுக்காத ஒருத்தியை.

"அப்ப மகரம் என்ன, ஐயா?" என்று யாரோ கேட்டுவைத்தார்கள்.

"உடம்பு கடல் மிருகம். முகம் மான்."

"மானோ?"

"மான்தான். தண்ணியைக் கண்டால் கொஞ்சம் மிரளும்." இந்தக் கடைசி வசனம் சுலோகத்தில் கிடையாது. சாத்திரியார் கைக்காசாகப் போட்டது. சிரிப்பு மண்டபத்தை நிறைத்தது. சோமசேகரத்தாரின் கை தன்னையறியாமல் தேசிக்காயைத் தேடி மடிக்குப் போனது.

"படம் வேற, கடல் வேற" என்று அவர் சத்தமிட்டார். "படத்தில கிடக்கெண்டு கடல் சும்மா விட்டுடுமோ?"

"அதைத்தானே அத்தான், நானும் முதல் நாளே சொன்னனான்" என்றாள் பாக்கியம்.

"ஒரு சொல்லில கேட்டனீங்கள். ஏறலாம்" என்று சாத்திரியார் முடித்தார். அதற்குமேல் சோமசேகரத்தாரால் என்ன சொல்ல முடியும்? ஊர் முன்னால் கொடுத்த வாக்கு. கூட்டமாகக் கரைக்குப் போய் வள்ளத்தைப் புரட்டப் பிடித்தார்கள். சோமசேகரத்தார் அடிப்பலகையில் கை வைத்தவர், வெடுக்கென்று எடுத்தார். உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. அடிப்பக்கம் இடைவெளியெல்லாம் அடைத்துப் புதுக் கீல் பூசியிருந்தது. அவர் பாக்கியத்தைப் பார்த்தார். அவள் துடுப்பின் பாரத்தைக் கையில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை மணலில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த கிழமையே துறைமுகத்தின் நடுவில் அடுப்புப் புகைந்தது. முதல் நாள் சோறு குழைந்துபோனது, அதையும் கப்பல்காரர் வழித்துத் தின்றார்கள். அறுபத்து நாலாம் ஆண்டுப் புயல் வள்ளத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தென்னையோடு சாய்த்தபோது, கன்னி ராசிக்காரி ஏறினதால்தான் என்று சிலர் முணுமுணுத்தார்கள். "புயல் ஊர் முழுக்கத்தானே அடிச்சது. ஊர் முழுக்கக் கன்னி ராசியோ?" என்று கேட்டுவிட்டு பாக்கியம் உடைந்த பலகையை மாற்றத் தொடங்கினாள். முஹம்மது தம்பிக்குப் பார்வை மங்கும்வரை அவர் சுக்கான் பிடித்தார். பிறகு அதையும் அவளே பிடித்தாள். பிள்ளைகள் தங்கள் வீட்டில் இரண்டாம் தரமும் கேட்டார்கள், மூன்றாம் தரமும் கேட்டார்கள். சட்டி காலியானால் சண்டையும் பிடித்தார்கள்.

எழுபத்தொன்பதில் கோயில் கும்பாபிசேகத்துக்காக விதானத்துக்குப் புதுவர்ணம் பூசினார்கள். சோமசேகரத்தார் அப்போது நன்றாகத் தளர்ந்துவிட்டார். என்றாலும் ஓவியனுக்குக் கீழே கதிரை போட்டு இருந்துகொண்டு, "அது வள்ளம், தம்பி. அணியத்தைக் கூராக் கீறு. தாமரையாக்கிப் போடாத" என்று அதிகாரம் பண்ணினார். வேலையாட்களுக்குச் சோறு கொண்டுவந்த பாக்கியம் அவருக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். போட்டாள்.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன்" என்றார் மெதுவாக. "அண்டைக்கு நீ கீலைப் பூசிப்போட்டுத்தானே கோயிலுக்கு வந்தனீ. சாத்திரியார் ஏலாதெண்டு சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?"

"வாய் திறக்க மாட்டன் எண்டுதானே சொன்னனான், அத்தான்" என்றாள் பாக்கியம். "துடுப்புப் போட வாய் எதுக்கு?"