வலது காதுக்கு ஒரு தகரம்

நான்கு சுவிசேஷங்களிலும் அந்த வெட்டு இருக்கிறது. இயேசுநாதரைப் பிடிக்க வந்த கூட்டத்தில் தலைமைக் குருவின் வேலைக்காரன் ஒருவன். சீடர் ஒருவர் வாளை உருவி அவன் காதை அறுத்துவிடுகிறார். காது திரும்ப ஒட்டியதை ஒருவர்தான் எழுதியிருக்கிறார். அவன் பெயரை எழுதியவர் இன்னொருவர். அப்புறம் அவன் என்ன ஆனான் என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் வந்த கதைக்காரர்களில் சிலர் அவனைப் பக்தனாக்கினார்கள்; சிலர் பூமிக்கடியில் ஒரு தூணையே ஓயாமல் சுற்றிவர விட்டார்கள். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. அந்த வேஷத்தைக் கட்டியவன் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் ஆட்கள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் கிராணியாக இருந்தேன். தவசுக்காலம் வந்தால் எங்கள் கோயிலில் இயேசுநாதரின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் நடக்கும். வாள் வீசும் சீடர் இராயப்பர் வேஷம் எப்போதும் பட்டறை மேஸ்திரிக்குத்தான். பழைய மேஸ்திரி என்று சொல்ல வேண்டும். அவர் வேலை நேரத்தில் கள்ளுக்கடைக்குப் போகிறார் என்று முந்தின வருஷம் துரைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. மேஸ்திரி வேலை பறிபோனது. பழையபடி சம்மட்டி பிடித்தார். குவார்ட்டர்ஸையும் காலி செய்தார்.

அந்தப் பொய்க் கடிதத்தை எழுதியவன் நான்தான். ஒருநாள் தாமதமாக வந்தேன் என்று, "மாப்ள இப்பத்தான் எந்திரிச்சு வராரு" என எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தார். காரணம் அவ்வளவுதான். வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் வேஷம் பிரித்தபோது அவரே நாடகம் நடத்தும் உபதேசியாரிடம் என்னைக் காட்டினார். "வேலக்காரன் வேஷத்த நம்ம கிராணிக்குக் குடுங்க. காது நல்லா எடுப்பா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். யூதாஸ் வேஷத்துக்கு, ஸ்டேஷன் ஆபீசில் கிராணியாக இருந்த தன் தங்கை புருஷனைக் கை காட்டி, "இவனுக்கு வேஷமே கட்ட வேணாம்" என்றார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. என் காது எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒத்திகை முழுவதும் மேஸ்திரி குடையைத்தான் வீசினார். வாள் எங்கே அண்ணே என்றால், "பட்டறையில செய்றேன். அன்னிக்குப் பாரு லா" என்பார். பட்டறையில் என்ன தகடு கிடைக்கும், எப்படிச் சாணை பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

நாடகத்துக்கு முன் நடிகர்கள் எல்லாரும் பாவசங்கீர்த்தனம் செய்து, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்பது எங்கள் வழக்கம். நான் சுவாமியாரிடம் பொய்யையும் கோபத்தையும் சொன்னேன், கடிதத்தைச் சொல்லவில்லை. சுவாமியாரும் வெள்ளைக்காரர், துரையும் வெள்ளைக்காரர். யார் கண்டது? பிறகு மேஸ்திரியிடம் போய்க் கைகூப்பினேன்.

"தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சத மன்னிச்சிருங்கண்ணே."

"நீ என்னத்தடா செஞ்ச?" என்று என் வலது காதைச் செல்லமாகத் திருகினார்.

செல்லமாகவா? அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். வீட்டுக்கு ஓடி ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி, அந்தத் தகரத்தைத் தலைப்பாகைக்குள் காதை மூடிச் செருகிக்கொண்டேன். தலைப்பாகைக்கு வெளியே, வெட்டுப்பட்டு விழுவதற்காகச் சாயம் தோய்த்த மாவுக் காது.

சாயங்காலம் கோயில் வளாகம் நிறைந்திருந்தது. யூதாஸ் முத்தமிட்டார், நாங்கள் பாய்ந்தோம், இராயப்பர் வாளை உருவினார். பளபளவென்று மின்னியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

டங்!

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கண்ணைத் திறந்தால் வாள் இரண்டாக உடைந்து கிடக்கிறது. மெல்லிய பலகைதான். அதன்மேல் சிகரெட் பெட்டி ஈயத்தாளை, ஒரு சுருக்கம்கூட இல்லாமல், ஒட்டியிருந்தார். இயேசுநாதர் வேஷக்காரர் காதைத் தொட்டுக் குணமாக்கியபோது தகரம் நழுவித் தரையில் விழுந்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் தாடியைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தார்.

"எனக்குப் பயந்தா தகரம் வச்ச? நான் உன்ன எதுக்குடா வெட்டணும்?"

நான் தலைப்பாகையைக் கழற்ற ஆரம்பித்தேன். அவர் முகம் மெல்ல மாறியது.

"அந்தக் கடுதாசி நீயா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் மச்சான்னு நெனச்சேன்டா. ஒரு வருஷமா அவன் வாசல மிதிக்கல. தங்கச்சி புள்ள பெத்தா, போய்ப் பாக்கல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நேரே யூதாஸ் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போய், மச்சானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

என்னைப் பற்றி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. பட்டறையில் என் வணக்கத்துக்குப் பதில் வணக்கமும் சொன்னார். அடுத்தவன் பிழைப்பில் மண்ணைப் போடத்தான் அப்படி எழுதினேன் என்று துரையிடம் நான் போய்ச் சொல்லியிருந்தால், அவருடைய வேலை ஒருவேளை திரும்பக் கிடைத்திருக்கும். இரண்டு தடவை துரையின் அறை வாசல்வரை போனேன். மூன்றாம் மாதம் கிள்ளானுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அவர் சம்மட்டிதான் பிடித்தார்.