கொடியில்லாத லேபிள்

அந்த நாட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் அதன் கொடியைத் தெரியும். கோவில்பட்டிக்கு வெளியே உள்ள தீப்பெட்டி ஆலையில் அம்மா பண்டல் கட்டுகிறாள். அந்த நாட்டுக்குப் போகும் பெட்டிகளின் லேபிளில் அந்தக் கொடிதான் இருக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். அதே ஆலையின் அலுவலகத்தில் ஏற்றுமதி வேலை பார்க்கிறேன்.

ஒரு காலையில் அந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது. புதிதாக ஆட்சிக்கு வந்தவர்கள் கொடியையும் மாற்றினார்கள். பழைய கொடியோடு சரக்கு வரக்கூடாது என்று வாங்குபவர் சொல்லிவிட்டார். புதுக்கொடி அச்சடிக்க முதலாளிக்குப் பயம். நம் அரசு அங்கீகரிக்காதவர்களின் கொடியோடு போனால் தூத்துக்குடி துறைமுகத்தில் கேள்வி வருமே! பண்டல் கொட்டகையைப் பூட்டினார்கள். அம்மாவுக்கு வேலை இல்லை.

முதலாளி தினமும் கேட்பார். "ஏம்மா, டெல்லில ஒத்துக்கிட்டாவளா?"

"கூர்ந்து கவனிக்கோம்னுதான் சொல்லுதாவ அண்ணாச்சி. அது ஒத்துக்கிட்டதா ஆகாது."

அந்த வித்தியாசத்தைச் சொல்ல அங்கே என்னை விட்டால் ஆளில்லை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கொட்டகை திறக்கவில்லையே.

"பொண்ணு பாக்க வந்துட்டு, புடிச்சிருக்குன்னும் சொல்லாம இல்லன்னும் சொல்லாம, பஜ்ஜியத் தின்னுக்கிட்டே இருக்க மாதிரில்லா இருக்கு" என்று டெல்லியைப் பற்றிச் சொன்னாள், வீட்டுக்கு வந்திருந்த அம்மாவின் சிநேகிதி.

"ஏட்டி, அவிய தின்னு முடிக்கதுக்குள்ள நம்ம அடுப்பு அணைஞ்சிரும்" என்றாள் அம்மா.

ஒருநாள் சாயங்காலம் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். மழை ஓய்ந்து கரிசல் மின்னியது. காடு முழுக்கப் பருத்தி பூத்திருந்தது. காலையில் மஞ்சளாக விரிந்த பூக்கள் இப்போது சிவக்கத் தொடங்கியிருந்தன. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குட்டிக் கொடிகள்போல அவை காற்றில் ஆடின. பஸ் நகர்கிறதா, காடு நகர்கிறதா என்றே தெரியவில்லை.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன். "கொடியே வேண்டாம் அண்ணாச்சி. பருத்திப்பூ போடுவோம்."

அவர் சிரித்தார். "பூவ எந்த சர்க்காரும் ஒத்துக்கிட வேண்டாம்லா!"

வாங்குபவரும் சம்மதித்தார். சிவகாசியிலிருந்து லேபிள் வந்தது, கொட்டகை திறந்தது.

"டெல்லிக்காரன் வாயத் தொறக்கதுக்கு முந்தி எம்பிள்ள தொறந்துட்டா பாத்தியா!" என்று அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

பல மாதம் கழித்து, புது ஆட்சியை டெல்லி அங்கீகரித்த செய்தி வந்தது. ஓடிப்போய் முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன். லாரியில் சரக்கு ஏறுவதைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார்.

"கொடி போடணுமா அண்ணாச்சி?"

"பூவே இருக்கட்டும்மா."

எங்கோ ஒரு சமையலறையில், முகம் தெரியாத ஒருத்தி தீக்குச்சியை உரசுவாள். அவள் அடுப்பருகே எங்கள் கரிசல் பூ கிடக்கும். அது என்ன பூவென்று அவளுக்குத் தெரியாது. கொட்டகையில் அம்மா பூவின்மேல் பூவாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.