மடிப்புக்கு ஒரு மொழி

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் புடவை விரித்துக் காட்டுபவர் அவர். ஒல்லி உடம்பு; சட்டைக் கையில் எப்போதும் சரிகைத் தூள். வெளிநாட்டார் வந்தால் அவர்கள் மொழியில் எண்ணச் சொல்லி, அந்தத் தாளத்துக்குப் புடவையை மடிப்பார்.

சுற்றுலா வழிகாட்டியான நான், எழுபதுகளில் ஒருநாள், ஒரு ஜப்பானியரையும் ஓர் உக்ரைன் பெண்மணியையும் அங்கே அழைத்துப் போனேன். ஜப்பானியர் "இச்சி, நி, சான்" என்று எண்ண, மடிப்புகள் வெடுக் வெடுக்கென்று விழுந்தன. பெண்மணி "ஒதின், த்வா, திரி" என்று இழுத்து எண்ண, புடவை ஊஞ்சல்போல் அசைந்து மடிந்தது.

"ரஷ்யப் பாஷை அழகா இருக்குதுப்பா" என்றார் முதலாளி. நான் அதை மொழிபெயர்த்ததும் பெண்மணியின் முகம் சிவந்தது. "ரஷ்யன் இல்லை, உக்ரைன்!" என்றார்.

"ஜப்பான், உக்ரைன் ரெண்டுல எந்தப் பாஷை ஒசத்தி?" என்று மடிப்பவரைக் கேட்டேன்.

"அத்த வுடு சார். வடக்க போனா நம்மள மதராசின்றான். எனக்குக் கோவம் வராது? அந்தம்மாக்கும் அதே கோவம்தான்."

மடித்த புடவையை உதறி மறுபடி விரித்தார். "நம்மளுதையும் கேட்டுக்கினு போவட்டும்." கடை அதிர "ஒண்ணு" என்றார்.

நாலாவது மடிப்பில் விருந்தாளிகள் இருவரும் அவர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவரோடு சேர்ந்து எண்ணினார்கள்.

பிறகும் பலரை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். அன்று மட்டும்தான் அவர் புடவையைப் பார்க்காமல், தலை நிமிர்ந்து மடித்தார்.